எடை மெஷினுக்கு மேலே ஒட்டிய தாள்: டயாலிசிஸ் நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தாருக்கு,

போன மாதம் இரண்டாவது வாரம், எடை பார்க்கும் மெஷினுக்கு மேலே செல்லோ டேப் போட்டு ஒரு தாள் ஒட்டினீர்கள். மாதாந்திர ரத்தப் பரிசோதனையில் இனி சி.ஆர்.பி. (உள்ளே அழற்சி இருப்பதைக் காட்டுவது), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), அல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) மூன்றும் கிடையாது, வேண்டுவோர் வெளியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நான்கு வரி. கையெழுத்து இல்லை. காரணமும் இல்லை. ஷிஃப்டில் இருந்த டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, மேல இருந்து வந்திருக்கு. வெளிய எடுத்துக்கிடுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேலே இருப்பது நீங்கள்தான், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. யாரையும் நாறடிப்பது என் நோக்கமில்லை, தாள் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் சேர்மாதேவிக்காரன். பாபநாசம் வண்டியில் 22 வருடம் கண்டக்டராக இருந்தவன். சர்க்கரை இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. ஆறு வருடமாக டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் விடியுமுன்னே எழுந்து, டிக்கெட் கிழித்த அதே ரூட்டில் பயணியாக ஏறி, பாளையங்கோட்டையில் இறங்கி உங்கள் கட்டிலில் நான்கு மணி நேரம் படுக்கிறேன். வேலை போனாலும் கணக்கு எழுதும் பழக்கம் போகவில்லை. 192 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஏறும்போது எடை, இறங்கும்போது எடை, பிரஷர், மாதம் ஒருமுறை ஹீமோகுளோபின், சி.ஆர்.பி. எல்லாம் அதில் இருக்கிறது. இந்த மடலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லும் எண்கள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

நீங்கள் நிறுத்திய சி.ஆர்.பி. ஒன்றும் புதுப் பகட்டான பரிசோதனை இல்லை. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் கண்டது. இன்று எங்கள் ஊர் லேபிலும் எடுக்கிறார்கள். உடம்புக்குள் எங்காவது கிருமியோ, புண்ணோ, ஒவ்வாத பொருளோ இருந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அள்ளிக் கொட்டுகிறது. ரத்தத்தில் இருப்பதில் பாதி 19 மணி நேரத்தில் கழிந்துவிடும் என்பதால், காரணம் நீங்கினால் சில நாளிலேயே எண் இறங்கிவிடும். டாக்டர்கள் அழற்சி என்பார்கள். எங்கள் வீட்டில் "உள்ள என்னமோ கொதிக்கு" என்பார்கள். கிட்னி போனவனுக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்றால், எங்கள் உடம்பில் காய்ச்சல் ஒழுங்காக வராது. எதிர்ப்புச் சக்தி மங்கிப்போனதால் தெர்மாமீட்டர் 98 காட்டும், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஆரோக்கியமானவனுக்குக் காய்ச்சல் சொல்லும் சேதியை எங்களுக்கு இந்தத் துண்டுச் சீட்டுதான் சொல்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்றாவது வருடம் என் கை ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம், அடைத்துக்கொண்டது. புதிதாகப் போட்டது பழுக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும் என்று கழுத்து ரத்தக்குழாயில் லைன் என்கிற குழாயைப் போட்டார்கள். நான்காவது வாரத்திலிருந்து, மெஷினில் போட்ட ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வரும். பல் கிட்டும், கட்டில் ஆடும். இரண்டு கம்பளி போர்த்தினாலும் நிற்காது. மெஷினை விட்டு இறங்கியதும் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குவேன், ஒன்றும் தெரியாது. "ஏ.சி. குளிரு அண்ணாச்சி" என்று சொல்லி ஏ.சி.யை அணைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேர்த்து என்னைத் திட்டியதுதான் மிச்சம்.

அந்த மாதம் ஹீமோகுளோபின் 9.6-லிருந்து 7.8-க்கு வந்தது. ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியை வாரம் இரண்டிலிருந்து மூன்றாக்கினார்கள். அசையவில்லை. ஃபெரிட்டின் 1,100 இருந்ததைப் பார்த்து, இரும்புச்சத்து ஏகத்துக்கு இருக்கிறது என்று இரும்பு ஊசியையும் நிறுத்தினார்கள். அப்புறம் புதிதாக வந்த டாக்டரம்மா ஒருவர் ரிஜிஸ்டரைப் பின்னாலிருந்து புரட்டினார். போன மாதம் சி.ஆர்.பி. 7, இந்த மாதம் 48. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மெஷின்ல இருக்கும்போது குளிருதா?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. கையிலிருந்தும் லைனிலிருந்தும் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார். இரண்டிலும் கிருமி வளர்ந்தது. லைனைப் பிடுங்கி மறுபக்கம் மாற்றி, மூன்று வாரம் ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். அடுத்த மாதம் சி.ஆர்.பி. 9. இரண்டரை மாதத்தில் ஹீமோகுளோபின் 10.1. ஊசி திரும்ப வாரம் இரண்டுக்கு வந்தது.

ஃபெரிட்டின் கதையை அவர்தான் விளக்கினார். உள்ளே அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்று இன்னொன்றையும் சுரக்கும். அது இரும்பைக் குடோனில் வைத்துப் பூட்டிவிடும். ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக அரிசி அடுக்கியிருக்கும், சாவி இருக்கிறவர் வரமாட்டார், வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் வெறும் பையோடு திரும்புவார்கள். அந்த மாதிரி. ஃபெரிட்டின் 1,100, ஆனால் ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 14 சதவீதம்தான். ஃபெரிட்டினை மட்டும் பார்த்தால் செல்வந்தன், சி.ஆர்.பி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிச்சைக்காரன் என்று தெரியும். ஒன்றில்லாமல் மற்றதைப் படிக்க முடியாது. நீங்கள் இரண்டையுமே எடுத்துவிட்டீர்கள். இனி ரத்தம் ஏறாதவருக்கு ஊசியைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த ஊசி என்ன விலை என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்தீர்கள் என்றால் கணக்கு உதைக்கிறது.

வெளியில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். சரி, போன வாரம் எடுத்தேன். சி.ஆர்.பி.க்கு 450, ஃபெரிட்டினுக்கு 700, அல்புமினுக்கு 120. ஆக 1,270 ரூபாய். காப்பீட்டு அட்டையை நம்பி வருகிற, பீடி சுற்றியும் பாய் நெய்தும் பிழைக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது பல நாள் கூலி. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சீட்டில் சி.ஆர்.பி. 2.4 என்று இருந்தது. ஷிஃப்டில் காட்டினேன். "6-க்குக் கீழதான இருக்கு, நார்மல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் சில்லறையை எண்ணிப் பழக்கமாயிற்றே, கண்ணாடியைப் போட்டுப் பக்கத்திலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். நம் நிலையத்துச் சீட்டில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அந்த லேபில் டெசிலிட்டருக்கு என்று போட்டிருந்தார்கள். பத்து மடங்கு வித்தியாசம். அவர்களுடைய 2.4 நம்முடைய 24. பத்தமடையிலிருந்து வருகிற பெரியவர் கொண்டுவந்த சீட்டில் எண்ணே இல்லை, 'பாசிட்டிவ்' என்று ஒரே வார்த்தை. ஆளுக்கொரு லேபில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட வழியில்லை என்றால் எடுத்தும் பிரயோஜனமில்லை.

"ஈ.எஸ்.ஆர். பார்க்கிறோமே" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். ரத்தச் சிவப்பணு எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்த்து அழற்சியை ஊகிக்கும் பழைய சோதனை அது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஈ.எஸ்.ஆர். கிட்டத்தட்ட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். ரத்தசோகையே அதை ஏற்றிவிடும். எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்கும் மணியை வைத்து எந்த வீட்டில் தீப்பிடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முக்கூடல் பக்கமிருந்து ஒரு அக்கா வருவார். பீடி சுற்றுகிறவர். என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில். ஒரு வருடமாக அவருடைய டிரை வெயிட், அதாவது கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 44 கிலோ, ஒரு கிராம் கூடவுமில்லை குறையவுமில்லை. எடை நன்றாக இருக்கிறது என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அந்த ஒரு வருடத்தில் ஜாக்கெட் கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தார். ஃபிஸ்டுலாக் கையைத் தூக்கும்போது சதை தொங்கும். உள்ளே சதை கரைந்த இடத்தில் நீர் நின்று தராசை ஏமாற்றியிருக்கிறது. அல்புமின் 3.9-லிருந்து மாதாமாதம் இறங்கி 2.8-க்கு வந்தது, சி.ஆர்.பி. 20-க்குக் கீழே இறங்கவே இல்லை. எல்லாம் ரிஜிஸ்டரில் இருந்தது, வரிசையாகச் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. போன ஐப்பசியில் வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அந்த எண்களை யாராவது கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அழற்சி, சதை கரைதல், ரத்தக்குழாய் தடித்துப்போதல் மூன்றும் கைகோத்து நடக்கும் என்பது டாக்டர்கள் இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவருவது. 1999-இல் ஜெர்மனியில் 280 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு வருடம் கவனித்தபோதே, சி.ஆர்.பி. கூடியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள், அதிலும் இதயத்தால் இறந்தார்கள் என்று கண்டார்களாம். நர்சிங் படிக்கும் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். எங்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது கிட்னி இல்லை, இதயம்தான் என்பதும் நீங்கள் அறியாததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.பி. எங்கே கோளாறு என்று சொல்லாது, ஏதோ கோளாறு என்று மட்டும்தான் சொல்லும். சளி பிடித்தாலும் ஏறும். அமெரிக்காவில் பல நிலையங்களில் இதை வழக்கமாக எடுப்பதில்லை, ஜப்பானிலும் ஐரோப்பாவிலும்தான் எடுக்கிறார்கள் என்பதும் உண்மை. எண்ணை இறக்குவதற்கென்று மாத்திரை கேட்டும் நான் வரவில்லை. 2009-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை டயாலிசிஸ் நோயாளிகளின் சி.ஆர்.பி.யை இறக்கியது, சாவை இறக்கவில்லை. அடுப்பு எங்கே எரிகிறது என்று தேட வேண்டும், புகையை விசிறிவிட்டால் போதாது. கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி ஒருவருக்கு மூன்று மாதம் எண் ஏறியே இருந்தது. தேடித் தேடிக் கடைசியில் கடைவாய்ப்பல் வேரில் சீழ். பல்லைப் பிடுங்கிய அடுத்த மாதம் 31 இருந்தது 6. அவருக்கு வலியே இல்லை. எண் ஏறாமல் இருந்திருந்தால் யார் அவர் வாயைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

இனி நான் எழுத வந்த விஷயம். பஸ்ஸில் ஒருத்தர் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் அது அவர் தப்பு. செக்கிங் ஏறும்போது பத்துப் பேரிடம் டிக்கெட் இல்லை என்றால் அது கண்டக்டர் தப்பு, மெமோ எனக்குத்தான் வரும். சி.ஆர்.பி.யும் அப்படித்தான். ஒருவருக்கு ஏறினால் அவருடைய பல்லோ, லைனோ, நெஞ்சுச் சளியோ. ஒரே ஷிஃப்டில் ஐந்தாறு பேருக்குச் சேர்ந்து ஏறினால் கோளாறு அவர்கள் உடம்பில் இல்லை, நிலையத்தில்.

போன கோடையில், ஆற்றுத் தண்ணீர் குறைந்து லாரித் தண்ணீர் வந்த சமயம், எங்கள் காலை ஷிஃப்டில் மூன்று பேருக்கு நடுக்கம் வந்தது. மூவரில் ஒருவருக்கும் கழுத்து லைன் கிடையாது. சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு சி.ஆர்.பி. முந்தின மாதத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். எனக்கு 8-லிருந்து 22. டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும் ஆர்.ஓ. (வடிகட்டிய) தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி ஆள் பாத்துக்கிடுவாரு" என்று பதில். இரண்டு வாரம் கழித்து மொட்டை மாடியில் நீல டிரம்களும் குழாய்களும் இறங்கின, ஒருநாள் ஷிஃப்டைத் தள்ளிப்போட்டீர்கள். அடுத்த மாதம் ஐந்து பேருக்கும் எண் இறங்கியது. தண்ணீரால்தான் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டாததால் எனக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே நம்ப ஆசைப்படுகிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்க எனக்கு அனுமதி இல்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் வாயில் ஐஸ்கட்டியைப் போட்டுச் சப்பிக்கொண்டு இருக்கிறேன். இளநீர் கிடையாது, நுங்கு யோசித்துத்தான், சொதி சாப்பிட்டு வருடக்கணக்காகிறது. ஆனால் உங்கள் மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர், என் ரத்தத்துக்கு மறுபக்கம், நூலைவிட மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. வாரத்துக்கு 360 லிட்டர். அதில் உயிருள்ள கிருமி இல்லாவிட்டாலும், செத்த கிருமியின் உடம்புச் சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் துணுக்குகள் சவ்வைத் தாண்டி வந்து அழற்சியைக் கிளப்பும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. டயாலிசிஸ் தண்ணீருக்கு உலக அளவில் ஒரு வரையறை இருக்கிறது. ஒரு மில்லியில் கிருமி எண்ணிக்கை 100-க்குக் கீழே, எண்டோடாக்சின் 0.25 யூனிட்டுக்குக் கீழே. நம் நிலையத்தில் அது எவ்வளவு என்று கட்டிலில் படுத்திருக்கும் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் சி.ஆர்.பி. மட்டும்தான் மறைமுகமாகவாவது சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவது, செக்கிங் இன்ஸ்பெக்டரை வண்டியில் ஏறக்கூடாது என்று கண்டக்டரே சொல்வது போல இருக்கிறது.

நான் கேட்பது இவைதான். அந்தத் தாளைக் கிழியுங்கள். சி.ஆர்.பி., ஃபெரிட்டின், அல்புமின் மூன்றையும், ஃபெரிட்டினோடு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் மாதாமாதம் கட்டாது என்றால், லைன் போட்டவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறாதவர்களுக்கும் மாதாமாதம், மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றாவது வையுங்கள். அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன், மற்றவர்களிடமும் பேசுகிறேன். ஒரே லேபில், மெஷினில் போடுவதற்கு முன்பு எடுத்த ரத்தத்தில், பாசிட்டிவ் நெகட்டிவ் என்றில்லாமல் எண்ணாக, லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதித் தாருங்கள். எங்களிடம் காசு கேட்காதீர்கள்.

எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருநாள் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொருவருடைய கடைசி மூன்று மாத எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லைன் போட்டவருக்கு மெஷினில் நடுக்கம் வந்தால் ஏ.சி.யை அணைக்கும் முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆன்டிபயாட்டிக் ஏற்றும் முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஒரே ஷிஃப்டில் மூன்று பேருக்கு மேல் எண் ஏறினால் அன்றே தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏறாவிட்டாலும் மாதம் ஒருமுறை தண்ணீரில் கிருமியும் எண்டோடாக்சினும் பார்த்து, முடிவைத் தேதி போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். எடை மெஷினுக்கு மேலே இடம் இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கும் நாள். அதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். எங்கள் ஷிஃப்டில் ஏழு பேர் இந்த மடலைப் படித்துக் கேட்டு, தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட பிரதியைத் தனியாக உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஒருவர் கையில் ஊசி இருந்ததால் இடது கையால் போட்டார், கோணலாக இருக்கும், அது அவருடைய கையெழுத்துதான்.

இப்படிக்கு,
காலை ஷிஃப்ட், ஜன்னலோரக் கட்டில்காரன்
சேரன்மகாதேவி